மென்பொருள் வாங்கிய கணக்கு

தரம் 12, வணிகப் பிரிவு

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று எங்கள் உம்மம்மா அடிக்கடி சொல்வார். தையல் பிழைத்தால் மெஷினையும், சோறு குழைந்தால் அரிசியையும் குறை சொல்பவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பதில் அது. நல்ல பழமொழிதான். ஆனால் சில கூடங்கள் உண்மையிலேயே கோணலாக இருக்கின்றனவே! பிழை ஆட்டத்திலா, கூடத்திலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி இரண்டு வருடங்கள் தீராமல் கிடந்தது. கேள்விக்குரிய கூடம், காணொளி தொகுக்கும் ஒரு மென்பொருள்.

என் வாப்பா கலியாண வீடுகளில் வீடியோ எடுப்பவர். கட்டுகஸ்தோட்டையில் ஒரு சிறிய கடை வைத்திருந்தார். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் கலியாணங்கள் சுருங்கின. பெற்றோல் வரிசைகள் நீண்டன. கடை வாடகை மட்டும் சுருங்கவில்லை. கடையை மூடிவிட்டு அக்குறணையில் எங்கள் வீட்டின் மேல்மாடி அறைக்குத் தொழிலைக் கொண்டுவந்தார். மேல்மாடியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை நகரத்தில் என்ன நடக்கும் என்பது இப்பகுதி வாசகர்களுக்குத் தெரியும். பிறர் வீட்டுக் கலியாணங்கள் நிறைந்த ஹார்ட் டிஸ்க்குகளைக் கீழ்மாடியில் வைக்க வாப்பாவுக்கு மனம் வரவில்லை.

பெண்கள் பகுதியை உம்மாதான் எடுப்பார். அந்தப் பதிவு அந்நிய ஆண்களின் கண்ணில் படாது என்ற நம்பிக்கையில்தான் மணப்பெண்ணின் வீட்டார் அவருக்குக் கதவைத் திறக்கிறார்கள். ஆகவே அதைத் தொகுப்பதும் ஒரு பெண்ணாகவே இருக்க வேண்டும். முன்பு உம்மா தனியாகச் செய்தார். 2023 முதல் நானும் அவரோடு உட்காருகிறேன். வாப்பா அந்தக் கோப்புகளைத் திறப்பதே இல்லை. உம்மாவின் டிஸ்க் வேறு, அலுமாரிச் சாவி வேறு.

நாங்கள் பாவித்து வந்தது டாவின்சி ரிசோல்வ் என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பு. அவுஸ்திரேலியாவின் பிளக்மேஜிக் டிசைன் நிறுவனம் வெளியிடுவது. ஒரு காலத்தில் திரைப்படங்களுக்கு நிறம் சீர்செய்ய, பெரும் படநிலையங்கள் மட்டும் இலட்சக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் பெயர் அது. 2009இல் அந்த நிறுவனத்தை பிளக்மேஜிக் வாங்கியது. 2010இல் 995 டொலருக்கு மென்பொருளாக விற்றது. 2011இல் ஓர் இலவசப் பதிப்பையும் கொடுத்தது. இன்று இலவசப் பதிப்பிலேயே வெட்டலாம், ஒட்டலாம், நிறம் திருத்தலாம், ஒலி சேர்க்கலாம், 4கே அளவில் வெளியிடலாம். 'ஸ்டூடியோ' என்ற கட்டணப் பதிப்பின் விலை 295 டொலர். ஒரு தடவை கட்டினால் போதும். இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிகளை அகற்றும் வசதி போன்ற சில விடயங்கள் அதில் மட்டுமே உண்டு.

வாப்பா அதை வாங்க நினைத்தது 2022இன் தொடக்கத்தில். அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. 295 டொலர் என்றால் 59,000 ரூபா. மார்ச் மாதம் ரூபாவின் பெறுமதியை மத்திய வங்கி தளர விட்டது. மே மாதமாகும்போது ஒரு டொலர் 360 ரூபா அளவுக்கு ஏறியிருந்தது. அதே மென்பொருள் இப்போது 106,200 ரூபா. அதில் ஒரு பொத்தான் கூடவில்லை, ஒரு வசதி கூடவில்லை. விலை மட்டும் 47,200 ரூபா கூடியது. அந்த மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. கரண்ட் இருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் ரென்டர் போட்டோம். பாதி ரென்டரில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படியான காலத்தில் புதிய மென்பொருளைப் பற்றி யார் பேசுவார்கள்? பேச்சு அப்படியே அடங்கிப் போயிற்று.

டொலர் 300 ரூபாவை அண்டி நிலைத்த பிறகு பேச்சு மறுபடி எழுந்தது. இப்போது விலை 88,500 ரூபா. உம்மாவின் சீட்டு முறை வருவதற்கும் இன்னும் சில மாதங்களே இருந்தன. அந்தப் பணத்துக்கு வீட்டில் மூன்று உரிமையாளர்கள் இருந்தார்கள். கூரைத் தகடு ஒன்று. என் ரியூஷன் கட்டணம் இரண்டு. மென்பொருள் மூன்று.

பொருளியல் பாடத்தில் இதற்கு அமையச் செலவு என்று பெயர். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடப்படும் அடுத்த சிறந்த தெரிவே அதன் உண்மையான செலவு. பாடநூலில் இதற்கு உதாரணம் பெரும்பாலும் நெல்லும் துணியுமாக இருக்கும். எங்கள் வீட்டில் அது மழை ஒழுகும் கூரையாக இருந்தது. மென்பொருளின் விலை 88,500 ரூபா என்று சொல்வது எளிது. இன்னொரு மாரிக்கும் உம்மம்மாவின் அறையில் வாளி வைப்பது என்று சொல்லிப் பார்த்தால்தான் விலை விளங்கும்.

வழி வேறு இல்லையா என்று உறவினர்கள் கேட்டார்கள். மூன்று வழிகள் சொன்னார்கள்.

முதலாவது, திருட்டுப் பிரதி. நகரத்தில் ஒரு கடையில் 1,500 ரூபாவுக்குப் போட்டுத் தருவார்களாம். எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நூல்கள், கட்டுரைகள் என்ற வரிசையிலேயே கணினி நிரல்களையும் வைத்துப் பாதுகாக்கிறது. ஒரு இலக்கிய மலரின் வாசகர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். இந்த மலரில் வரும் கவிதையை வேறொருவர் தன் பெயரில் போட்டால் நாம் சும்மா இருப்போமா? நிரல் எழுதியவரும் எழுதியவர்தானே. வாப்பா ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்: "மகள், நிக்காஹ் வீட்டுச் சம்பாத்தியம் இது. அதுக்குள்ள களவு சாமான் வைக்கேலாது." மார்க்கம் ஒருபுறம் இருக்க, இன்னொரு பயமும் இருந்தது. பூட்டை உடைத்த மென்பொருளுக்குள் வேறு யார் ஒளிந்து வருகிறார் என்று எமக்குத் தெரியாது. அந்தக் கணினியில்தான் பெண்கள் பகுதியின் கோப்புகள் திறக்கப்படுகின்றன.

இரண்டாவது, கைத்தொலைபேசிச் செயலிகள். என் வகுப்புத் தோழிகள் பலரும் கப்கட் பாவிக்கிறார்கள். கல்லூரி நிகழ்ச்சிக்கு ஒரு நிமிடக் காணொளி செய்ய அது போதும், விரைவும் கூட. ஆனால் கோப்புகளை இணையத்தில் ஏற்றி வைத்துத் தொகுக்கும் எந்த வழியும் எங்கள் தொழிலுக்கு ஆகாது. மணப்பெண்ணின் தாய் எங்களிடம் தந்தது அமானிதம். அது எந்த நாட்டுக் கணினியில் போய்க் கிடக்கிறது என்று அவருக்குச் சொல்ல முடியாவிட்டால், நாங்கள் அதை ஏற்றிருக்கவே கூடாது. ஆகவே எங்கள் முதல் நிபந்தனை இணையத்தொடர்பைக் கழற்றிவிட்டும் வேலை செய்யக்கூடிய மென்பொருள் என்பதாக இருந்தது. பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளையின் தொலைபேசியில் உள்ள செயலி இலவசமா என்று கேட்பதோடு நிற்காமல், படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, மாதச் சந்தா. அடோபி நிறுவனம் 2013இல் பெட்டியில் விற்பதை விட்டுச் சந்தா முறைக்கு மாறியது. அதன் பிரீமியர் மென்பொருளுக்கு மாதம் 20 டொலருக்கு மேல். 20 என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 240 டொலர்; 300 ரூபா கணக்கில் 72,000 ரூபா. மாதாமாதம் நிறைய வேலை வருபவருக்கு அது பொருந்தலாம். எங்களுக்கு றமழானில் கலியாணம் இல்லை. பள்ளி விடுமுறை மாதங்களில் அடுத்தடுத்து வரும். இடையில் இரண்டு மாதம் ஒன்றும் இராது. வருமானம் ஓடையாகவும் செலவு குழாயாகவும் இருந்தால் தொட்டி என்னாகும்? அதோடு ரூபா விழுந்தால் சந்தா தானாக ஏறும். 2022ஐப் பார்த்த வீட்டில் அதை எவரும் விரும்பவில்லை. வங்கி அட்டையில் தவணைக்குப் போடலாம் என்றும் ஒருவர் சொன்னார். வட்டி வரும் என்பதால் வாப்பா அதைக் கேட்கவே இல்லை.

ஆக, வாங்குவதானால் ஸ்டூடியோ பதிப்பு. ஆனால் வாங்கத்தான் வேண்டுமா?

2023இல் நான் 80 பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து நான்கு நிரல் கோடு போட்டேன். திகதி, வேலை, எது தடையாக இருந்தது, எத்தனை மணித்தியாலம் வீணாயிற்று. உம்மா சிரித்தார். "மெஷினுக்கு ரிப்போர்ட் கார்டா?" என்று கேட்டார். எனினும் அவரும் நான் இல்லாத நாட்களில் எழுதி வைக்கத் தொடங்கினார்.

ஒரு வருடம் கழித்து அந்தக் கொப்பியை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். எங்களை அதிகம் தாமதப்படுத்தியது மென்பொருள் அல்ல. கணினியில் 8 ஜிபி ரேம்தான் இருந்தது. ரிசோல்வ் போன்ற மென்பொருளுக்கு 16 ஜிபி வேண்டும் என்பது தெரிந்த விடயம். இரண்டு கமெராக்களின் காட்சியை ஒன்றாக வைத்தால் திரை உறைந்து நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்பு வருவதற்குள் ஒரு தேநீர் குடித்து விடலாம். அடுத்த இடத்தில் இருந்தது எங்கள் ஒழுங்கின்மை. எந்தக் கோப்பு எங்கே என்று தேடிய நேரம் மட்டும் பல மணித்தியாலங்கள். இதற்குச் செலவே இல்லாத மருந்து, கோப்புறைக்குத் திகதியும் ஊரும் வைத்துப் பெயரிடுவது.

2024இல் ரேமைக் கூட்டினோம். மென்பொருள் விலையில் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. வேலை செய்யும் கோப்புகளுக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்கினோம். திரை உறைவது ஏறக்குறைய நின்றது. அந்த 88,500 ரூபாவை முன்பே செலவழித்திருந்தால், புதிய மென்பொருளும் பழைய ரேமில் உறைந்துதான் நின்றிருக்கும்.

கொப்பியில் மூன்றாவதாக இருந்தது இருட்டு. மெஹந்தி இரவுகளில் வீட்டின் உள்ளறைகளில் மங்கலான விளக்கு. படத்தைப் பெரிதாக்கினால் மண் தூவியது போலப் புள்ளிகள். இதைத் துடைக்கத்தான் ஸ்டூடியோ பதிப்பு வேண்டும் என்பது வாப்பாவின் வாதம். உம்மா வேறொன்றைச் சொன்னார்: "இருட்டைக் கழுவுறத்துக்கு முந்தி வெளிச்சம் வச்சுப் பார்ப்போம்." ஒரு சிறிய எல்ஈடி விளக்கு வாங்கினோம். மண்டபங்களில் அது போதுமானதாக இருந்தது. வீடுகளில் அப்படி இல்லை. வயதான பெண்கள் கண் கூசுகிறது என்றார்கள். மணப்பெண்ணின் சாச்சிமார் வெளிச்சம் பட்டதும் முந்தானையை இழுத்து முகத்தை மூடினார்கள். அந்த விளக்கை அணைத்தால்தான் அவர்கள் இயல்பாகச் சிரித்தார்கள், பைத் பாடினார்கள். கலியாணத்தின் உயிரே அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. ஆகவே உம்மா விளக்கை அணைத்தார். புள்ளிகள் திரும்பி வந்தன.

நான்காவது எழுத்து. கண்டிப் பக்கத்துக் கலியாணக் காணொளி ஒன்றில் நான்கு எழுத்துகள் வரும். பிஸ்மி அரபியில், பெயர்கள் தமிழில், மண்டபத்தின் பெயர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். அரபு வலமிருந்து இடமாக, எழுத்தோடு எழுத்து இணைந்து வர வேண்டும். தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். வெளிநாட்டில் எழுதப்பட்ட சில மென்பொருள்களின் தலைப்புப் பகுதிக்கு இதெல்லாம் தெரியாது. கொம்பு பின்னால் போய் நிற்கும். அரபு எழுத்துகள் தனித்தனியாகச் சிதறும். திருக்கலிமாவோ மணப்பெண்ணின் பெயரோ சிதைந்து போனால் அதைச் சின்னப் பிழை என்று யாரும் தள்ளமாட்டார்கள். அதற்காகவே இலங்கையில் பலர் இன்றும் பாமினி எழுத்துருவைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். யுனிகோட் உடையும் இடத்தில் பாமினி உடையாது. இன்னொரு வழி, தலைப்பை வேறொரு மென்பொருளில் எழுதிப் படமாக்கி உள்ளே வைப்பது. நாங்கள் அப்படித்தான் செய்தோம், இன்றும் செய்கிறோம். புதிய மென்பொருள் வாங்க நினைக்கும் எந்தத் தமிழ் மாணவிக்கும் நான் சொல்வது இதுதான். விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். சோதனைப் பிரதியில் 'கொழும்பு', 'ஸ்ரீ', 'பௌஸியா' என்று தட்டிப் பாருங்கள். அது சரியாக வந்தால் மற்றதைப் பேசலாம்.

சோதனைப் பிரதி என்றதும் இன்னொன்று. 2025இல் அடோபி 7 நாட்களும், அப்பிள் நிறுவனத்தின் பைனல் கட் புரோ 90 நாட்களும் இலவசமாகச் சோதிக்கத் தந்தன. ஆர்வத்தில் உடனே இறக்கிப் பார்த்தால் அந்த நாட்கள் வீணாகும். கையில் கடினமான ஒரு வேலை இருக்கும்போது தொடங்கினால்தான் அதன் பலமும் பலவீனமும் தெரியும்.

விலை கூடிய கருவி இல்லாமல் நல்ல வேலை வராது என்று நினைப்பவர்களுக்கு மூன்று செய்திகள். எங்கள் நாட்டின் 'கம்பெரலிய' திரைப்படம் 1963இல் வந்தது. அதைத் தொகுத்தவர் பின்னாளில் பெயர்பெற்ற இயக்குநரான சுமித்திரா பீரிஸ். அந்தக் காலத்தில் படத்தொகுப்பு என்றால் பிலிம் சுருளைக் கையால் வெட்டி ஒட்டுவது. இரண்டாவது, 2020இல் சிறந்த திரைப்படத்துக்கான ஒஸ்கார் பெற்ற கொரியப் படம் 'பராசைட்'. அது தொகுக்கப்பட்டது பைனல் கட் புரோ 7இல். அப்பிள் அந்தப் பதிப்பை 2011இலேயே கைவிட்டுவிட்டது. மூன்றாவது, 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் பெற்ற லத்வியா நாட்டின் 'புளோ'. அது பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவாக்கப்பட்டது. கண்ணும் பொறுமையும் உள்ளவருக்குப் பழைய கருவி போதுமாக இருந்திருக்கிறது. இந்த இடத்தில் உம்மம்மாவின் பழமொழி சரி.

ஆனால் கொப்பி இரண்டாவது வருடமும் தொடர்ந்தது. ரேம் பற்றிய வரிகள் மறைந்தன. தேடல் பற்றிய வரிகள் குறைந்தன. 'இருட்டு' மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மடவளையில் ஒரு வீடு, மாவில்மடையில் ஒரு வீடு, எங்கள் ஊரிலேயே மூன்று வீடுகள். ஒவ்வொன்றிலும் புள்ளிகளை மறைக்க நான் செய்த குறுக்கு வழிகளுக்கு நான்கு முதல் ஆறு மணித்தியாலம். அப்படியும் முகங்கள் மெழுகு போல ஆகின. ஒரு தாய் காணொளியைப் பார்த்துவிட்டு, "என்ட உம்மாட முகம் தெளிவில்லையே மகள்" என்றார். கலியாணம் முடிந்து நாற்பது நாளைக்குள் அந்த மூதாட்டி மௌத்தாகிவிட்டார். அவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த காட்சி அது ஒன்றுதான். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்றிரவு கொப்பியில் உம்மா மணித்தியாலக் கணக்கு எழுதவில்லை. அந்த வீட்டின் பெயரை மட்டும் எழுதி வைத்தார்.

அந்த வாரம் நான் கணக்கு ஒன்று போட்டு வாப்பாவிடம் கொடுத்தேன். 88,500 ரூபாவை ஐந்து வருடங்களுக்கு நேர்கோட்டு முறையில் பெறுமானத் தேய்வு செய்தால் வருடத்துக்கு 17,700 ரூபா. வருடத்துக்கு 12 கலியாணம் என்றால் ஒரு கலியாணத்துக்கு 1,475 ரூபா. 2022இல் இதே மென்பொருள் எங்களுக்கு ஆடம்பரம். அன்று கலியாணங்களே இல்லை, ரேமும் இல்லை. இப்போது இது தொழிலின் மூலதனச் செலவு. இதுவரை வந்த புதிய பதிப்புகளை ஸ்டூடியோ வாங்கியவர்களுக்கு அந்த நிறுவனம் மேலதிகக் கட்டணமின்றியே கொடுத்து வந்திருக்கிறது. இனியும் கொடுக்கும் என்று எண்ணி நான் கணக்குப் போடவில்லை. கொடுக்காவிட்டாலும் ஐந்து வருடம் போதும்.

வாப்பா தாளைப் பார்த்தார். நான் எழுதாத ஒரு நிரலை அவர் சேர்த்தார். அடுத்த வருடம் எனக்கு உயர்தரப் பரீட்சை. ஒவ்வொரு இருட்டுக் காணொளிக்கும் ஐந்து மணித்தியாலம் என்றால், அது என் கணக்கீட்டுப் பாடத்திலிருந்து போகும் ஐந்து மணித்தியாலம். "மகள், இது மெஷினுக்கு வாங்குறல்ல. ஒங்கட நேரத்துக்கு வாங்குற" என்றார். அமையச் செலவைப் பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளி வாங்கிய எனக்கு, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட வாப்பா அதைச் சொல்லித் தந்தார்.

சீட்டுப் பணத்தில் கூரை முதலில் போட்டோம். உம்மம்மாவின் அறையில் இப்போது வாளி இல்லை. மிச்சப் பணத்தோடு இரண்டு கலியாணங்களின் வருமானத்தைச் சேர்த்து, கத்தாரில் இருக்கும் மாமாவின் அட்டை மூலம் மென்பொருளை வாங்கினோம். அவருக்கு அன்றைய விலையில் ரூபாவைக் கையோடு கொடுத்துவிட்டோம். வாங்கிய காலமும் யோசித்துத் தெரிவு செய்ததே. பெருநாளுக்குப் பிந்திய கலியாணங்கள் எல்லாம் முடிந்து, கையில் ஒரு வேலையும் இல்லாத வாரம் அது. பாதி வேலையில் மென்பொருளை மாற்றக் கூடாது என்பதை இந்தத் தொழிலில் உள்ள எல்லோரும் சொல்வார்கள். புதிய பதிப்பில் ஒரு தடவை திறந்த வேலையைப் பழைய பதிப்பு பிறகு திறக்காது. 2011இல் அப்பிள் பைனல் கட்டை முற்றாக மாற்றி வெளியிட்டபோது, பழைய வேலைகளை அதில் திறக்க முடியாமல் உலகெங்கும் தொகுப்பாளர்கள் கொதித்தார்கள். ஆகவே எல்லா வேலைகளையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்த பிறகே புதியதை நிறுவினோம்.

மென்பொருளின் விலை மென்பொருளோடு முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. எங்கள் கணினி வின்டோஸ் 11ஐ ஏற்காது. நாளை ஒரு புதிய பதிப்பு வின்டோஸ் 11ஐக் கேட்டால், 'இலவசப் புதுப்பிப்பு' என்ற பெயரில் ஒரு கணினியே வாங்க வேண்டி வரும். அதனால் புதுப்பிக்கச் சொல்லித் திரையில் அறிவித்தல் வரும்போதெல்லாம் நான் சம்மதம் அழுத்துவதில்லை. அது எந்தக் குறையைத் தீர்க்கிறது, அந்தக் குறை எங்கள் கொப்பியில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் விட்டுவிடுவேன்.

தோழிகள் சிலர் என்னிடம் கேட்டார்கள், நாங்களும் வாங்கலாமா என்று. கல்லூரிக் காணொளிகளுக்காக என்றால் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இலவசப் பதிப்பும், கேடன்லைவ், ஷொட்கட் போன்ற இலவச மென்பொருள்களும் தாராளமாகப் போதும். முன்பு வின்டோஸுடன் வந்த மூவி மேக்கரில் பழகியவர்கள், மைக்ரோசொப்ட் அதை 2017இல் நிறுத்தியபோது அநாதைகளாகவில்லை. வெட்டும் அறிவு கையில் இருந்ததால் வேறொன்றுக்கு மாறினார்கள். ஒரே குறை மூன்று வேலைகளில் திரும்ப வந்தால், பணம் செலவில்லாத மருந்துகள் எல்லாம் முடிந்திருந்தால், அந்த வேலையே அதன் விலையைக் கொடுக்கக்கூடியதாக இருந்தால், அப்போது வாங்குங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒன்று கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். ஒரு கொப்பி கொடுங்கள்.

வாங்கிய முதல் வாரத்தில் புதிய வேலை ஒன்றும் இருக்கவில்லை. உம்மா தன் அலுமாரியைத் திறந்து, பெயர் எழுதி வைத்திருந்த அந்த வீட்டின் கோப்பை எடுத்துத் தந்தார். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. புள்ளிகள் முழுதாகப் போகவில்லை. ஆனால் மூதாட்டியின் முகச் சுருக்கங்கள் தெரிந்தன. பேத்தியின் கையில் மருதாணி இன்னும் ஈரமாக இருந்ததும் தெரிந்தது. உம்மா அதை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு, அபாயாவை அணிந்து, அந்த வீட்டுக்குத் தானே நடந்து போனார். அதற்குக் கூலி வாங்கவில்லை. கொப்பியிலும் எழுதவில்லை.